வலிமை என்னும் வேலி

உழவன் நிலத்தை உழுது, விதைத்து, நீர் பாய்ச்சிப் பயிரை வளர்க்கிறான். அவ்வளவோடு அவன் நின்றுவிடுவதில்லை. வளர்ந்த பயிரை ஆடுமாடுகள் மேய்ந்துவிடாதபடி நிலத்தைச் சுற்றி வேலியும் இடுகிறான். வேலியில் நெல் விளைவதில்லை. ஆயினும், வேலியில்லாத நிலத்தில் விளைந்த நெல் முழுவதும் வீடு வந்து சேர்வது அரிது. விளையாட்டு வீரரின் உடலும் இத்தகைய விளைநிலமே ஆகும். பல ஆண்டுகள் அரும்பாடுபட்டு வளர்த்த ஆட்டத்திறன், ஒரு நொடியில் நேரும் காயத்தால் பாழாகிவிடக்கூடும். அத்திறனைக் காக்கும் வேலி எது? நன்கு பழக்கப்பட்ட தசைகளின் வலிமையே அவ்வேலி.

வலிமை என்றவுடன், பந்தை நெடுந்தொலைவு உதைப்பதும், எதிரணியினரை மடக்கிப் பிடிப்பதும், காற்றென விரைவதுமே பலருடைய நினைவிற்கு வரும். வெற்றியைத் தேடித் தருவது வலிமையின் ஒரு பணி. உடலைக் காத்துத் தருவது அதன் மற்றொரு பணி. முன்னதைக் கண்டு மகிழ்வோர் பலர். பின்னதை அறிந்து போற்றுவோர் சிலரே. முன்னது ஆட்டத்தின்போது எல்லோர் கண்ணிலும் படுகிறது. பின்னதன் பயனோ நேராமற்போன காயம். ஆதலின் அது ஒருவர் கண்ணிலும் படுவதில்லை.

கால்பந்து, ஹாக்கி, ரக்பி, கபடி முதலிய களவிளையாட்டுகளில் ஈடுபடுவோர் ஒரே நேர்கோட்டில் ஓடுவதில்லை. விரைந்து ஓடுகின்றனர், ஓட்டத்தின் நடுவே சட்டென்று நிற்கின்றனர், நின்ற காலை ஊன்றி வேறு திசைக்குத் திரும்புகின்றனர், உயர எழும்பி ஒற்றைக் காலில் தரையிறங்குகின்றனர். அப்பொழுதெல்லாம் கணுக்காலும் முழங்காலும் உடலின் எடையைப்போலப் பல மடங்கான விசையைத் தாங்க வேண்டியிருக்கிறது. அவ்விசையைத் தசைகள் ஏற்றுக்கொண்டால் மூட்டுகள் பிழைக்கும். தசைகள் வலியிழந்தோ காலந்தாழ்த்தோ இயங்கினால், அவ்விசை மூட்டினைப் பிணைத்து நிற்கும் நார்களின்மீது பாயும்.

களத்தில் நேரும் காயங்களை மூவகையாகப் பிரிக்கலாம். ஒருவரோடு ஒருவர் மோதுவதால் நேர்வன ஒருவகை. யாரும் தீண்டாதபோதே, திரும்புகையிலும் தரையிறங்குகையிலும் நேர்வன மற்றொரு வகை. ஒரே உறுப்பு ஓய்வின்றி உழைப்பதால் சிறுகச் சிறுக நேர்வன மூன்றாம் வகை. மோதலால் வரும் காயங்களைக் குறைப்பதற்கு ஆட்டவிதிகளும் நடுவரின் விழிப்பும் துணைபுரியும். ஏனைய இரண்டும் பெரிதும் உடலின் ஆயத்தத்தைப் பொறுத்தவை. ஆகவே, காயத்தைத் தலைவிதி என்று கூறி வாளா இருத்தல் அறிவுடைமை ஆகாது.

உடல் வலிமை பெறும் முறை வியக்கத்தக்கது. மனித உடலில் 600க்கும் மேற்பட்ட தசைகள் உள்ளன. தசைகளை எலும்புகளோடு இணைப்பவை தசைநாண்கள். எலும்பை எலும்போடு இணைப்பவை பிணைநார்கள். இயந்திரத்தின் உறுப்புகள் உழைக்க உழைக்கத் தேய்கின்றன. உயிருள்ள உடலோ, அளவறிந்து உழைக்குமானால் உரம் பெறுகிறது. எலும்பானது தன்மீது ஏறும் சுமைக்கேற்பத் தன் அமைப்பை மாற்றிக்கொள்ளும் என்னும் உண்மையை ஜூலியஸ் வுல்ப் என்னும் ஜெர்மானிய அறுவை மருத்துவர் 1892ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார். தசைகளுக்கும் தசைநாண்களுக்கும் இவ்வியல்பு உண்டு. பழகியதைவிடச் சற்று மிகுந்த சுமை ஏறும்போது அவை களைப்படைகின்றன. பின்னர் உணவும் ஓய்வும் உறக்கமும் பெறும்போது முன்னினும் உறுதி அடைகின்றன. சுமையே இல்லாதபோது மெலிந்துவிடுகின்றன. எலும்பு முறிந்து, சில வாரங்கள் மாவுக்கட்டுக்குள் அசையாதிருந்த கால், கட்டினைப் பிரிக்கும்போது மெலிந்து தோன்றுவது இதனாலேயே.

சுமையைப் படிப்படியாக உயர்த்த வேண்டும் என்பதைப் பண்டைக் கிரேக்கர் ஒரு கதையால் உணர்த்தினர். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் தென் இத்தாலியில் இருந்த குரோட்டன் என்னும் கிரேக்க நகரத்தில் மைலோ என்னும் மற்போர் வீரர் வாழ்ந்தார். அவர் ஒலிம்பிக் விளையாட்டுகளில் ஆறு முறை மற்போரில் வாகை சூடியவர். அவர் இளமையில் ஒரு கன்றினைத் தோளில் தூக்கி நாள்தோறும் நடந்தாராம். கன்று வளர வளர அவருடைய வலிமையும் வளர்ந்ததாம். முடிவில் முழு வளர்ச்சியடைந்த காளையையும் அவர் சுமந்தாராம். கதை மிகைப்பட்டதாயினும், அதன் உட்கருத்து உண்மையே. ஒரே நாளில் காளையைத் தூக்க முயல்பவன் முதுகை முறித்துக்கொள்வான். கன்றிலிருந்து தொடங்குபவன் முன்னேறுவான்.

இக்கருத்திற்கு மருத்துவ உலகில் நிலையான இடம் தேடித் தந்தவர் தாமஸ் டிலார்ம் என்னும் அமெரிக்க மருத்துவர். இரண்டாம் உலகப்போரின்போது அவர் சிகாகோவில் இருந்த கார்டினர் இராணுவ மருத்துவமனையில் பணியாற்றினார். முழங்காலிலும் தொடையிலும் காயமுற்ற வீரர்கள் பலர் அங்கே நெடுநாள் படுத்த படுக்கையாகக் கிடந்தனர். எடை குறைந்த பொருள்களைப் பன்முறை அசைக்கும் மென்பயிற்சிகளே அந்நாளில் அவர்களுக்கு அளிக்கப்பட்டன. டிலார்ம் தம் இளமையில் நோயுற்று மெலிந்திருந்தபோது எடை தூக்கி உடலைத் தேற்றிக்கொண்டவர். அவ்வழியையே அவர் காயமுற்ற வீரர்களுக்கும் காட்டினார். தாங்கும் அளவிற்கேற்ற எடையைக் கொடுத்து, வலிமை ஏற ஏற எடையையும் ஏற்றினார். மெலிந்த தொடைகள் மீண்டும் திரண்டன. வீரர்கள் விரைவில் எழுந்து நடந்தனர். அம்முறையை 1945ஆம் ஆண்டில் அவர் கட்டுரையாக வெளியிட்டார். காயமுற்றவரைத் தேற்றுவதற்குப் பயன்பட்ட அவ்வலிமைப் பயிற்சி, காயம் வாராமற் காப்பதற்கும் பயன்படும் என்பதைப் பிற்கால ஆராய்ச்சிகள் காட்டின.

அவ்வாராய்ச்சிகளுள் ஒன்று டென்மார்க்கு நாட்டில் நடந்தது. கால்பந்து வீரரை அடிக்கடி வருத்தும் காயங்களுள் ஒன்று, தொடையின் பின்புறத் தசை கிழிதல். அத்தசைகளை விளையாட்டு வீரர்கள் ஹாம்ஸ்ட்ரிங் என்னும் ஆங்கிலப் பெயரால் வழங்குவர். ஒருவர் முழு விரைவில் ஓடும்போது, முன்னோக்கி வீசப்படும் காலைத் தடுத்து நிறுத்தும் பொறுப்பு இத்தசைகளுடையது. மாட்டுவண்டி பள்ளத்தில் இறங்கும்போது, ஓட்டுபவன் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டே சிறிது சிறிதாக விடுவது போன்றது இப்பணி. தசை நீண்டுகொண்டே போகிறது. நீளும்போதே இழுத்தும் பிடிக்கிறது. வலியில்லாத தசை அந்நிலையிற்றான் கிழிகிறது. ஆகவே, நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்கும் ஆற்றலை அத்தசைக்குப் பழக்க வேண்டும் என்று அறிஞர் கருதினர்.

அதற்கு ஏற்றதாக நார்டிக் பயிற்சி என்பது அமைந்தது. அதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. ஒரு தோழன் இருந்தால் போதும். ஆட்டக்காரர் மெத்தென்ற தரையில் முழங்காலிட்டு நிமிர்ந்து நிற்பார். தோழன் அவருடைய கணுக்கால்களை அழுத்திப் பிடித்துக்கொள்வான். ஆட்டக்காரர் முழங்கால் முதல் தலைவரை உடலை நேராக வைத்துக்கொண்டு, மெல்ல மெல்ல முன்பக்கம் சாய்வார். தொடையின் பின்தசைகளால் இயன்றவரை வீழ்ச்சியைத் தடுப்பார். இனி இயலாது என்னும் நிலையில் கைகளைத் தரையில் ஊன்றிக்கொள்வார். காண்பதற்கு எளிது, செய்வதற்குக் கடினம்.

டென்மார்க்கில் 50 கால்பந்து அணிகளைச் சேர்ந்த 942 வீரர்கள் இப்பயிற்சியின் பயனை அறிவதற்காக இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் தம் வழக்கமான பயிற்சிகளை மட்டும் செய்தனர். மற்றப் பிரிவினர் அவற்றோடு 10 வாரங்கள் இப்பயிற்சியையும் மேற்கொண்டனர். முதல் வாரத்தில் ஒரே ஒரு நாள். அந்நாளிலும் ஐந்து முறை வீதம் இரண்டு சுற்றுகள் மட்டுமே. பின்னர் வாரந்தோறும் சிறிது சிறிதாக உயர்த்தி, வாரத்திற்கு மூன்று நாள், மூன்று சுற்று என்னும் அளவிற்குக் கொண்டுவந்தனர். 2011ஆம் ஆண்டில் வெளியான முடிவு பலரையும் வியப்பில் ஆழ்த்தியது. வழக்கமான பயிற்சி மட்டும் செய்தோரிடையே 52 தசைக்காயங்கள் நேர்ந்திருந்தன; நார்டிக் பயிற்சி செய்தோரிடையே நேர்ந்தவை 15 மட்டுமே. முன்பே ஒரு முறை தசை கிழிந்தவர்களுக்கு இப்பயிற்சி மிகுந்த பயன் அளித்தது என்பதும் புலனாயிற்று. ஒரு முறை கிழிந்த தசை மீண்டும் கிழிவதற்கு இடமுண்டு. ஆதலின் இது பெரும்பயன் அன்றோ?

தசைக்காயம் சில வாரங்களில் ஆறிவிடக்கூடும். முழங்காலுக்குள் நேரும் சில காயங்களோ அத்துணை எளிதில் விடுவதில்லை. முழங்காலின் நடுவே இரண்டு பிணைநார்கள் பெருக்கற்குறிபோல ஒன்றன் குறுக்கே ஒன்று அமைந்துள்ளன. அவற்றுள் முன்னுள்ள நார், கீழ்க்காலின் எலும்பு முன்னோக்கி நழுவாதபடி தடுக்கிறது. தரையிறங்கும்போதோ திரும்பும்போதோ முழங்கால் உட்புறமாக மடங்கினால் அந்நார் அறுந்துபோகலாம். அறுந்தவருக்குப் பெரும்பாலும் அறுவை மருத்துவம் தேவைப்படும். களத்திற்குத் திரும்பப் பல மாதங்கள் ஆகும். நடுவயதிற்கு முன்பே மூட்டுத்தேய்வு தோன்றுவதற்கும் இக்காயம் காரணமாகலாம். ஒரே விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இக்காயம் நேரும் வாய்ப்பு மிகுதி என்பதும் கண்டறியப்பட்டுள்ளது. பதினைந்து வயதுப் பெண் ஒருத்திக்கு இக்காயம் நேர்ந்தால், ஓர் ஆண்டின் ஆட்டத்தோடு அவளுடைய இழப்பு முடிந்துவிடுவதில்லை.

இவ்விழப்பைக் குறைக்கும் நோக்கத்தோடு, உலகக் கால்பந்துக் கழகமாகிய பீபாவின் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவினரும் நார்வே நாட்டின் ஆஸ்லோ நகர விளையாட்டுக் காய ஆராய்ச்சியாளரும் பிறரும் சேர்ந்து ஓர் ஆயத்தப் பயிற்சித் திட்டத்தை வகுத்தனர். அது 15 பயிற்சிகள் அடங்கியது. 20 நிமிடங்களில் முடிவது. முதல் 8 நிமிடம் மெதுவான ஓட்டங்கள். அடுத்த 10 நிமிடம் வலிமைக்கும் சமநிலைக்கும் உரிய பயிற்சிகள். முழங்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடலைப் பலகைபோல நிறுத்துதல், ஒருக்களித்து ஒரு முழங்கையின்மேல் உடலைத் தாங்குதல், நார்டிக் பயிற்சி, ஒற்றைக் காலில் நின்று நிலை பெயராதிருத்தல், முழங்கால் மடக்கி அமர்ந்தெழுதல், குதித்துத் தரையிறங்குதல் ஆகியவை அவை. ஒவ்வொன்றிற்கும் எளியது, இடைநிலையது, கடியது என மூன்று படிகள் உண்டு. கடைசி 2 நிமிடம் விரைவான ஓட்டங்களும் திசை மாற்றங்களும்.

இத்திட்டத்தில் பெரிதும் வலியுறுத்தப்படுவது செய்யும் முறையின் செம்மை. குதித்து இறங்கும்போது முழங்கால் உட்புறமாகச் சாயலாகாது. கால்விரல்களுக்கு நேராகவே நிற்க வேண்டும். இடுப்பும் முழங்காலும் சற்று மடங்க, ஓசையின்றி மெல்ல இறங்க வேண்டும். இவ்வாறு பல நூறு முறை பழகியவருக்கு, ஆட்டத்தின் பரபரப்பில் எண்ணிப் பார்க்க நேரமில்லாதபோதும் கால் தானே செம்மையாக ஊன்றும்.

நார்வேயில் 2007ஆம் ஆண்டில் 13 முதல் 17 வயது வரையுள்ள பெண் கால்பந்து ஆட்டக்காரர் 1,892 பேரைக்கொண்டு இத்திட்டம் ஆராயப்பட்டது. 2008ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, இப்பயிற்சியைச் செய்த அணியினரிடையே காயங்கள் மொத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. கடுங்காயங்களோ ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன. அவ்வாராய்ச்சியில் வெளிப்பட்ட மற்றோர் உண்மையும் நினைவில் கொள்ளத்தக்கது. இப்பயிற்சியை இடைவிடாது மேற்கொண்டவர்களுக்கே காயங்கள் மிகக் குறைவாக நேர்ந்தன. வேலியில் ஒரு பக்கம் திறந்திருந்தால் மூன்று பக்கம் அடைத்திருந்தும் பயன் குன்றும் அன்றோ?

பல்வேறு நாடுகளில் நடந்த இத்தகைய 25 ஆராய்ச்சிகளை ஒருங்கே தொகுத்து நோக்கிய அறிஞர் 2014ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். அவ்வாராய்ச்சிகளில் பங்குகொண்டோர் 26,000க்கும் மேற்பட்டவர். வலிமைப் பயிற்சி விளையாட்டுக் காயங்களை மூன்றில் ஒரு பங்கிற்கும் கீழாகக் குறைத்தது என்றும், தசைகளை இழுத்து நீட்டும் பயிற்சியால் மட்டும் அத்தகைய பயன் புலப்படவில்லை என்றும் அவர்கள் கூறினர். ஆட்டத்திற்கு முன் கைகால்களை நீட்டி மடக்குவதோடு கடமை முடிந்தது என்று எண்ணுவோர் இதனைக் கருதிப் பார்த்தல் வேண்டும்.

வலிமைப் பயிற்சியைப்பற்றிச் சில வீண் அச்சங்களும் மக்களிடையே உலவுகின்றன. எடை தூக்கும் சிறுவர் உயரமாக வளரமாட்டார் என்பது ஒன்று. தக்க ஆசிரியரின் மேற்பார்வையில் செம்மையாகச் செய்யும் பயிற்சி வளர்ச்சியைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை. தனியே முயன்று, அளவுக்கு மீறிய எடையைத் தூக்கி, அதனை நழுவவிடுவதாலேயே பெரும்பாலும் தீங்கு நேர்கிறது. வலிமைப் பயிற்சி பெண்களுக்கு ஏற்றதன்று என்பது மற்றொன்று. முழங்காற்காயம் பெண்களையே மிகுதியாக வருத்துவதால், இப்பயிற்சி அவர்களுக்கு மிகவும் வேண்டுவதாகும். தசை திரண்டால் விரைவு குறையும் என்பது மூன்றாவது. தரையை உதைத்து உடலை முன்செலுத்தும் ஆற்றல் தசையிலிருந்தே பிறக்கிறது. ஆகவே, முறையாக வளர்ந்த வலிமை விரைவிற்குப் பகையன்று, துணையே.

இளைஞர் இப்பயிற்சியைத் தொடங்குவதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. தன் உடலின் எடையே முதற்கருவி. தமிழ்நாட்டின் உடற்பயிற்சிக் கூடங்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் தண்டாலும் பஸ்கியும் இத்தகையனவே. ஆசிரியரின் கண்காணிப்பில், வாரத்திற்கு இரண்டு அல்லது மூன்று நாள், இடையிடையே ஓய்வுநாள் விட்டுப் பயில்வது நன்று. முதலில் முறையைக் கற்க வேண்டும். முறை கைவந்த பின்னரே சுமையைக் கூட்ட வேண்டும். கால்களுக்கு மட்டுமன்றி, இடுப்பு, வயிறு, முதுகு ஆகியவற்றிற்கும் பயிற்சி வேண்டும்; நடுவுடல் தளர்ந்திருந்தால் கால்களும் தடுமாறும். போதிய உணவும் உறக்கமும் இன்றிப் பயிற்சியை மட்டும் மிகுப்பது, கரைகளை வலுப்படுத்தாமல் ஏரியில் நீரை நிரப்புவது போன்றதாகும்.

உடல் தரும் அறிகுறிகளையும் இளைஞர் உணர்ந்து நடத்தல் வேண்டும். புதிய பயிற்சிக்குப்பின் ஓரிரு நாள் தசைகளில் பரவலாகத் தோன்றும் நோவு இயல்பானது. அது தானே நீங்கும். ஓரிடத்தில் ஊசி குத்தினாற்போலத் தோன்றும் வலியும், மூட்டின் வீக்கமும், காலை ஊன்ற இயலாமையும் வேறு. அவை தோன்றியவுடன் ஆட்டத்தை நிறுத்தி மருத்துவரை நாட வேண்டும். வலியை மறைத்து ஆடுவதை வீரம் என்று சிலர் கருதுகின்றனர். சிறு கிழிசலைப் பெருங்கிழிசலாக்கிக்கொள்வது வீரம் ஆகாது. தலையில் அடிபட்டு மயக்கமோ குழப்பமோ அடைந்தவர் அன்று மீண்டும் களத்தில் இறங்கவே கூடாது. எத்துணை வலிய தசையும் மூளைக்கு நேரும் அதிர்ச்சியைத் தடுத்துவிடாது. காயம் ஆறிய பின்னரும், வலி இல்லை என்பதை மட்டும் கொண்டு களத்திற்கு விரைதல் தவறு. காயமுற்ற கால் மற்றக் காலுக்கு நிகரான வலிமையை மீண்டும் பெற்றதா என்று சோதித்தறிந்தே திரும்புதல் வேண்டும்.

ஆடுகளத்தில் அடிக்கும் ஒவ்வொரு கோலுக்கும் கைதட்டல் எழும். ஒற்றைக் காலில் ஓசையின்றித் தரையிறங்கிய ஒருவருக்கு யாரும் கைதட்டுவதில்லை. அறுந்துபோகாத நாருக்கும் கிழிந்துபோகாத தசைக்கும் வெற்றிக் கோப்பை அளிப்பாரும் இல்லர். ஆயினும், அடுத்த ஆட்டத்திலும் அதற்கடுத்த ஆண்டிலும் களத்தில் நிற்பவர் அவ்வாறு தம்மைக் காத்துக்கொண்டவரே. இளமையில் நாளொன்றுக்கு 20 நிமிடம் செலவிட்டுக் கட்டும் இவ்வேலி, விளையாட்டுத் திறனைக் காப்பதோடு அமையாது. முதுமையில் பிறர் துணையின்றி எழுந்து நடக்கும் பேற்றினையும் தருவதற்குத் துணைநிற்கும். பயிர் அழிந்தபின் வேலி தேடுவதைவிட, விதைக்கும்போதே வேலியிடுவது சாலச் சிறந்ததாகும்.